உலோகமா, பிளாஸ்டிக்கா, பிரிண்டா? மாடல் டாங்கிக்கு டிராக் வாங்கும் முன்

1/35 அளவில், அதாவது நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்காக, மாடல் டாங்கி செய்கிறவர்களுக்கு அதிகம் செலவு வைப்பது டிராக்தான், சக்கரங்களைச் சுற்றி ஓடும் அந்தச் சங்கிலிப் பட்டை. பாகங்களாக வரும் கிட் பெட்டியிலேயே ஒரு ஜோடி இருக்கும். அது போதாது என்று இன்னொரு ஜோடி வாங்குவோம். தனித்தனி கண்ணிகளாக வரும் உலோக லிங்க் செட் என்றால் பல சமயம் கிட் விலையில் பாதியைத் தாண்டும். பழைய மலிவு கிட் என்றால் கிட்டின் விலையையே மிஞ்சிவிடும். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் இதையெல்லாம் கையில் எடுத்துப் பார்த்து வாங்க வழியில்லை. எல்லாமே பார்சலில்தான் வரும், வெளிநாட்டிலிருந்து வந்தால் சுங்க வரியும் சேரும். பெட்டியைத் திறந்த பிறகு பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்புவதும் நடக்கிற காரியம் இல்லை. அதனால் எந்த டாங்கிக்கு எந்த டிராக் என்பதை ஆர்டர் போடும் முன்பே யோசித்துவிடுவது நல்லது.

புளியரை தாண்டி, மலைக்கு அந்தப் பக்கம் புனலூரில் ஒரு நண்பர் இருக்கிறார். தமிழர்தான், வேலைக்காக அங்கே குடியேறியவர். “எல்லாத்துக்கும் 3டி பிரிண்ட் போட்ட டிராக் போதும் அண்ணாச்சி, உலோகமெல்லாம் பழைய காலம்” என்பது அவர் கட்சி. இங்கே தென்காசியில் இன்னொரு தம்பி இருக்கிறார், அமெரிக்க ஷெர்மன் டாங்கிக்குக்கூட உலோக செட் தேடுகிறார். இரண்டு பேருமே பொருளை முதலில் வைத்து டாங்கியை அப்புறம் பார்க்கிறார்கள். நான் தலைகீழாகப் பார்ப்பேன். அந்த டாங்கியின் நிஜ டிராக் தளர்ந்து தொங்குமா? தொங்குவது வெளியே தெரியுமா? தரையிலும் சக்கரத்திலும் படும் இடம் வெறும் எஃகா, ரப்பரா? மூன்றுக்கும் உலோகத்துக்குச் சாதகமான பதில் வந்தால் காசு செலவழிக்கலாம். ஒன்று தவறினாலும் நான் யோசிப்பேன்.

தொய்வு எங்கிருந்து வருகிறது

உலோக டிராக் வாங்குகிறவர்கள் எல்லோரும் சொல்லும் காரணம், அது தன் எடையில் தானே அழகாகத் தொங்கும் என்பது. பாதி சரி. இரண்டு முனையில் பிடித்துத் தொங்கவிட்ட சங்கிலியின் வளைவை அதன் எடை தீர்மானிப்பதில்லை. சங்கிலியின் நீளமும் முனைகளுக்கு இடையிலுள்ள தூரமும்தான் தீர்மானிக்கின்றன. கண்ணிகள் தடையில்லாமல் மடங்கினால் தங்கச் சங்கிலியும் பிளாஸ்டிக் சங்கிலியும் ஒரே வளைவில்தான் நிற்கும். சிக்கல் அந்தத் ‘தடையில்லாமல்’ என்பதில் இருக்கிறது. சின்னஞ்சிறு லிங்குகளின் கீலில் உராய்வு இருக்கிறது. பெயிண்ட் ஏறினால் உராய்வு கூடும், மண் நிறப் பொடி தூவினால் இன்னும் கூடும். பிளாஸ்டிக் லிங்குக்கு அந்த உராய்வை வென்று கீழே இறங்கும் எடை இல்லை. விட்ட இடத்தில் விட்டபடி நிற்கும், சில சமயம் ஒரு லிங்க் மட்டும் முட்டி மடக்கியதுபோல் துருத்திக்கொண்டு நிற்கும். வெள்ளீயம் கலந்த வார்ப்பு உலோகம் பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்கைவிடச் சுமார் ஏழு மடங்கு கனம். அந்தக் கனம் உராய்வை ஜெயித்துவிடுகிறது. ஆக, உலோகத்துக்குக் கொடுக்கும் காசு, பெயிண்டும் மண்ணும் பூசிய பிறகும் கீல் மடங்க வேண்டும் என்பதற்காகக் கொடுக்கும் காசு.

இது புரிந்தால் அடுத்ததும் புரியும். நிஜத்தில் தொங்காத டிராக்குக்கு இந்தச் செலவு வீண்.

எது தொங்கும்? மேலே டிராக்கை ஏந்தும் தாங்கு உருளைகள் இல்லாமல், டாங்கியைச் சுமக்கும் பெரிய ரோடு வீல்களின் தலைமேலேயே டிராக் படுத்துத் திரும்பும் டாங்கிகளில் தொய்வு கண்ணைப் பறிக்கும். சோவியத்தின் டி-34 அப்படி, டி-55 அப்படி, ஜெர்மனியின் டைகரும் பாந்தரும் அப்படி. டைகரில், டிராக்கை இழுக்கும் பற்சக்கரமான முன்புற ஸ்ப்ராக்கெட்டிலிருந்து முதல் ரோடு வீலுக்கு இறங்கும் இடத்தைப் பழைய புகைப்படங்களில் பாருங்கள். இன்னொரு ஜெர்மன் டாங்கியான பான்சர் 4-இல், பெரும்பாலான வகைகளில், பக்கத்துக்கு நான்கு தாங்கு உருளைகள் உண்டு. அவற்றுக்கு இடையில் டிராக் சிறு சிறு ஊஞ்சலாக இறங்கி ஏறும். அந்த அலைதான் அந்த டாங்கியின் அடையாளம்.

ஷெர்மன் வேறு சாதி. அதன் லிங்குகளில் ரப்பர் புஷ் பொதித்த இரட்டைப் பின்கள் (லிங்குகளைக் கோர்க்கும் குச்சிகள்), பக்கத்தில் அவற்றை இணைக்கும் கவ்விகள். டிராக் இழுத்துக் கட்டியதுபோல் நேராக ஓடும். தரையில் படும் பக்கம் பெரும்பாலான வகைகளில் ரப்பர். எஃகுப் பட்டை போட்ட வகையும் உண்டு. 1965 போரில், பஞ்சாபின் அசல் உத்தரில், நம் ராணுவத்திடம் மாட்டிய பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகளுக்கும் ரப்பர் கட்டை வைத்த டிராக்தான். ரப்பராக இருக்க வேண்டியதை உலோகத்தில் வார்த்து, அதன்மேல் ரப்பர் நிறம் அடித்து, அதைத் தேயாமல் காப்பாற்றிக்கொண்டிருப்பது எனக்குச் சரிப்பட்டு வராத வேலை. அந்தத் தம்பியிடமும் அதைத்தான் சொன்னேன்.

பக்கவாட்டுத் தகடு மாட்டிய டாங்கிகள் மூன்றாவது வகை. ஆவடியில் உருவான டி-72 அஜேயா, 1965 போரில் ஓடிய செஞ்சுரியன், தகடு முழுக்கப் போட்ட பான்சர் 4 எல்லாம் இதில் சேரும். மேல் ஓட்டம் மறைந்துவிடும். வெளியே தெரிவது முன் வளைவு, பின் வளைவு, தரையில் படிந்த பகுதி. இதற்கு கிட்டில் வந்ததே போதும்.

ரப்பர் பெல்ட்டும் பிளாஸ்டிக்கும்

வினைல் பெல்ட் டிராக் ஏன் வந்தது என்பது சுவாரஸ்யமானது. 1961 கடைசியில் ஜப்பானிய கிட் நிறுவனமான டமியா பாந்தரை வெளியிட்டபோது அது மோட்டாரில் ஓடும் பொம்மையும்கூட. உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டும் என்று வைத்த அளவுதான் பிறகு 1/35 என்று நிலைத்தது. ஓட வேண்டிய டிராக் என்பதால் வளையும் பெல்ட். மோட்டார் போய் வெகுகாலம் ஆகியும் பெல்ட் மட்டும் போகவில்லை. புது வினைலைச் சாதாரண பிளாஸ்டிக் சிமென்ட்டிலேயே, அதாவது கிட் ஒட்டும் பசையிலேயே, ஒட்டலாம். பழைய வினைலை அலமாரியில் கிட் பெட்டிக்குள் விட்டுவைத்தால், அதிலுள்ள மென்மையாக்கும் எண்ணெய் கசிந்து, பட்ட இடத்தில் பிளாஸ்டிக் சக்கரத்தை அரித்துவிடும். நம் ஊர் கோடையில் அந்த வேலை சீக்கிரமே நடக்கிறது. பழைய கிட் வைத்திருப்பவர்கள் டிராக்கைத் தனிப் பையில் எடுத்து வையுங்கள்.

பெல்ட்டையும் தொங்கவைக்கலாம். டிராக்குக்கு மேலே, உடல் பக்கவாட்டில் சிறு துளை போட்டு ஒரு கம்பித் துண்டைச் செருகினால் அது பெல்ட்டைக் கீழே அழுத்திப் பிடிக்கும். மட்கார்ட் மறைக்கிற டாங்கியில் யாருக்கும் தெரியாது. முதல் டாங்கி செய்கிறவருக்கு நான் இதையே சொல்வேன்.

நேர் நீளங்கள் ஒரே துண்டாகவும் வளைவுகள் தனித்தனி லிங்காகவும் வரும் பிளாஸ்டிக் டிராக்கில் தொய்வை அச்சிலேயே வார்த்திருப்பார்கள். வேலை குறைவு, விளைவு நன்று. ஆனால் தொய்வு அவர்கள் வைத்த இடத்தில்தான். டாங்கியை மேடு பள்ளத்தில் நிறுத்தும் டயோராமாவுக்கு, அதாவது காட்சி அமைப்புக்கு, அது உதவாது.

தனித்தனி பிளாஸ்டிக் லிங்குகளை ஒட்டுவதில் ஒரு கைப்பழக்கம் இருக்கிறது. நேர்க்கோல் ஓரமாக அடுக்கி, கெட்டி சிமென்ட் தடவி, முழுக்கக் காயும் முன், தொட்டால் ஒட்டாது ஆனால் வளையும் என்ற பதத்தில் எடுத்து சக்கரங்களைச் சுற்றிப் போர்த்த வேண்டும். தொய்வு வேண்டிய இடத்தில் பஞ்சை மேலே திணித்து அழுத்தி ஒரு இரவு விட்டுவிடலாம். கதவை மூடி வைக்கிற அளவுக்கு மழையடித்தாலும் இந்த முறை கெடுவதில்லை, ஏனென்றால் அந்த சிமென்ட் காற்று ஈரத்தை நம்பியில்லை. பிளாஸ்டிக் வழிகளில் எனக்குப் பிடித்தது இதுதான். மடங்காது, ஆனால் அலமாரியில் நிற்கும் டாங்கி எங்கே ஓடப் போகிறது?

மடங்கும் பிளாஸ்டிக் லிங்குகளை மெங், ஆர்.எஃப்.எம், ஏ.எஃப்.வி கிளப், பிராங்கோ, மாடல்காஸ்டன் என்று பல நிறுவனங்கள் தருகின்றன. கோர்க்கும் நேரத்தில் உலோகத்துக்குச் சளைத்ததல்ல. பின்கள் மயிரிழை மாதிரி இருக்கும், சிமென்ட் ஒரு துளி தவறினால் கீல் பூட்டிக்கொள்ளும். கடைசியில் பெயிண்ட் அடித்ததும் முன்பு சொன்ன உராய்வு வந்துவிடும். ஆனாலும் கிட்டோடு இலவசமாக வந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு உலோகம் வாங்குவது வீம்பு. தொய்வு விழும் இடங்களில் மட்டும், பெயிண்ட் அடித்த பிறகு, உள்பக்கமாக ஒரு சொட்டு பசை வைத்து நிறுத்திவிடலாம்.

பிரிண்ட்

புனலூர் நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ரெசினில் அச்சடித்த டிராக்கில் பிசிறு இல்லை, வார்ப்பில் வராத நுணுக்கம் வருகிறது: எழுத்துகள், போல்ட் தலைகள், பின்னின் முனை. பல செட்களில் லிங்கை லிங்கோடு அழுத்தினாலே போதும், இல்லையேல் அச்சடித்த பின்னைச் செருகினால் போதும். டி-ரெக்ஸ், குவிக்டிராக்ஸ் போன்ற நிறுவனங்களின் செட்கள் வந்த பிறகு ரப்பர் கட்டை வைத்த அமெரிக்க டிராக்குகளுக்கு உலோகத்தைப் பேசுவதற்கே இடமில்லை என்பேன். ஷெர்மன், பேட்டன் செய்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பிரிண்ட் வாங்கலாம்.

குறை இரண்டு. ஒன்று, நொறுங்கும் தன்மை. மெல்லிய பற்களும் காதுகளும் விழுந்தால் உடையும். வெயில் நேராகப் படும் ஜன்னலோரம் வைத்தால் நாளாக நாளாக இன்னும் முறுகும். இரண்டு, அது பிளாஸ்டிக்கைப் போலவே லேசு. நன்றாக மடங்கினாலும் தானாக இறங்காது. தொய்வுக்கு நீங்கள்தான் கைகொடுக்க வேண்டும். அச்சிடும்போது முட்டுக்கொடுக்கும் தாங்குகால்களை வெட்டி உரசும்போது வரும் தூள் மூச்சுக்கு ஆகாது. ஈரமாக வைத்து உரசுங்கள்.

உலோகம்: என்ன வேலை, எவ்வளவு வேலை

இதில் பழைய பெரிய பெயர் ஃபிரியுல்மாடல். மாஸ்டர் கிளப், ஆர்-மாடல், ஸ்பேட் ஏஸ், செக்டர் 35 என்று மற்றவையும் உண்டு. மாஸ்டர் கிளப் செட்களில் ரெசின் பின் தலைகள் தனியே வரும், மற்றவற்றில் பெரும்பாலும் கம்பிச் சுருள். பெட்டியில் இருப்பது லிங்குகளின் குவியல். அதைப் பார்த்ததுமே சிலருக்கு ஆசை அடங்கிவிடும்.

எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிறேன். டைகருக்குப் பக்கத்துக்கு 96 லிங்க், மொத்தம் 192. பான்சர் 4-க்குப் பக்கத்துக்கு 99. டி-34-க்குப் பக்கத்துக்கு 72 போதும், அதில் பாதி வழிகாட்டிக் கொம்பு உள்ளவை, பாதி இல்லாதவை, மாற்றி மாற்றிக் கோர்க்க வேண்டும். துளை திறந்து, பிசிறு நீக்கி, கோர்க்க ஒரு லிங்குக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலே டைகருக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல். ஒரு நிமிடத்தில் முடியாது என்பது வேறு கதை. அளவும் கவனிக்க வேண்டியது: டைகர் போரில் பூட்டும் டிராக் 725 மி.மீ அகலம், லிங்குக்கு லிங்க் 130 மி.மீ. 1/35-இல் அது 20.7 மி.மீ அகலமும் 3.7 மி.மீ நீளமும். கையில் பிடிக்கலாம். பான்சர் 4-இன் 400 மி.மீ டிராக் 11.4 மி.மீட்டராகச் சுருங்கும், நீளம் மூன்றரைக்கும் குறைவு. கண்ணாடி போட்டவர்கள் பூதக்கண்ணாடியும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் உலோக செட் என்றால் டி-34-இல் தொடங்குவது நல்லது. லிங்க் பெரிது, எண்ணிக்கை குறைவு, தொய்வும் நன்றாகத் தெரியும்.

கருவிகளுக்கு வெளிநாட்டுப் பட்டியல் பார்க்க வேண்டியதில்லை. நகை ஆசாரிகள் வாங்கும் கடைக்குப் போனால் சாமணம், ஊசி அரம், சின்ன வெட்டுக் குறடு, அரை மில்லிமீட்டர் பிட், அதைப் பிடித்துச் சுழற்றும் பின் வைஸ் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். பிட் உடையும், உடையத்தான் செய்யும், கூடுதலாக வாங்குங்கள். செட்டோடு வந்த கம்பியை வெர்னியரில் அளந்து, அதைவிட ஒரு நூல் பெரிய பிட் எடுத்தால் போதும். துளையை ஒரே பக்கத்திலிருந்து போடாமல் இரண்டு பக்கமிருந்தும் நடுவில் சந்திக்கும்படி திறந்தால் கோணல் வராது. இந்த உலோகம் மென்மையானது. பிட்டை அழுத்தினால் துளை விலகிச் சுவரைப் பிய்த்துவிடும். அழுத்தாமல் சுழற்ற வேண்டும்.

செட்டோடு வந்த கம்பி தீர்ந்துபோனால் அல்லது வளைந்து நெளிந்து இருந்தால், மோட்டார் வைண்டிங் கடைதான் நம் துணை. 25 கேஜ் செப்புக் கம்பி அரை மில்லிமீட்டருக்கு வெகு கிட்டத்தில் இருக்கும், 26 கேஜ் அதைவிடச் சற்று மெல்லியது. “எந்த மோட்டார் தம்பி?” என்று கேட்பார்கள். அவர்களுக்கு அது எடைபோட்டு விற்கும் சரக்கு, நமக்குத் தேவையோ சில மீட்டர். “விளையாட்டு டாங்கிக்கு அண்ணாச்சி” என்றால் சிரித்துக்கொண்டே மிச்சக் கம்பியைக் கொடுப்பவர்களும் உண்டு. ஒரு முனையை வைஸில் கவ்வி, மறுமுனையைக் குறடால் பிடித்து மெதுவாக இழுத்தால் கம்பி கோல்போல் நேராகிவிடும். வைண்டிங் கம்பியின் மேல் வார்னிஷ் பூச்சு இருக்கும், அதை எமெரி ஷீட்டால் உரசி எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பிறகு கருமையேற்றும் திரவம் கம்பியில் பிடிக்காமல் சிவப்பு முனை பல்லிளிக்கும். எஃகுக் கம்பி வேண்டாம். சாரல் காலத்தில் கீலுக்குள்ளேயே துருப்பிடித்துப் பூட்டிக்கொள்ளும்.

கோர்க்கும்போது கம்பியை நறுக்கிக்கொண்டு செருகுவதைவிட, நீளக் கம்பியை அப்படியே விட்டுச் செருகி, வெளியே அரை மில்லிமீட்டர் விட்டு வெட்டுவது எளிது. முனையில் மட்டும் ஃபெவிக்விக் ஒரு பொட்டு. குப்பியிலிருந்து நேராக விடாமல் ஊசி நுனியில் தொட்டு வையுங்கள். எந்தப் பக்க முனையில் என்பதற்கு நிஜ டாங்கியைப் பார்க்க வேண்டும். டி-34-இல் பின்னின் தலை உள்பக்கம், அதாவது உடலைப் பார்த்தபடி இருக்கும். வெளியே நகர்ந்து வரும் பின்னை உடலின் பின்பகுதியிலுள்ள சாய்வுத் தகடு ஓட ஓடத் தட்டி உள்ளே தள்ளும். டைகரில் இடது வலது டிராக்குகள் தொடக்கத்தில் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இருந்தன. பிறகு இரண்டு பக்கமும் ஒரே வகை. நீங்கள் செய்வது எந்தக் காலத்து வண்டி என்று பார்த்துவிட்டு செட்டை வாங்குங்கள். லிங்குகளின் திசையையும் முதல் பத்து லிங்க் கோர்த்ததும் புகைப்படத்தோடு ஒப்பிட்டுவிடுங்கள், நூறு கோர்த்த பிறகு இல்லை.

அந்தப் பத்து லிங்கை ஸ்ப்ராக்கெட்டிலும் சுற்றிப் பாருங்கள். உலோக செட் ஒரு குறிப்பிட்ட கிட்டை மனதில் வைத்துச் செய்யப்படுகிறது. வேறு நிறுவனத்து கிட்டின் பற்களோடு இடைவெளி பொருந்தாமல் ஏறி நிற்கலாம். சில செட்களில் உலோக ஸ்ப்ராக்கெட்டும் சேர்ந்தே வருவது இதற்காகத்தான். டி-34-இல் பல் கிடையாது. ஓட்டுச் சக்கரத்தின் உருளைகள் கொம்புள்ள லிங்கைப் பிடித்து இழுக்கும். ஆகவே கொம்புகளின் இடைவெளியைப் பாருங்கள்.

கனம் நல்லது என்றேன், அதே கனம் கிட்டைப் பிய்க்கவும் செய்யும். பிளாஸ்டிக் அச்சில் நிற்கும் ஐட்லர், அதாவது ஸ்ப்ராக்கெட்டுக்கு எதிர் முனையிலுள்ள சக்கரம், டிராக்கின் இழுப்பில் சாய்ந்துவிடும். அதன் அச்சைத் துளைத்து உள்ளே பித்தளைக் கம்பி வைத்து ஒட்டுங்கள். அசையும் சஸ்பென்ஷன் கைகளையும் நிலையாக ஒட்டிவிடுங்கள். கண்காட்சிக்குப் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோகிறவர்களுக்கு இது தேவையான வேலை. ஆரியங்காவு வளைவுகளில் ஒரு குலுக்கல் போதும்.

ஈயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த வார்ப்பு உலோகங்களில் ஈயம் கலந்திருக்கலாம், பழைய செட்களில் இன்னும் கூடுதலாக. சாப்பாட்டு மேசையில் அரம் போடாதீர்கள். தூளை ஊதாமல் ஈரத்துணியில் துடையுங்கள், கை கழுவிவிட்டு டீயைத் தொடுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால், வேறு எந்த ஒப்பீடும் பார்க்காமல், நான் பிளாஸ்டிக் பக்கம்தான் நிற்பேன்.

நிறம் ஏற்றுவதில் உலோகம் ஜெயிக்கும் இடம்

இத்தனை வேலைக்குப் பிறகு உலோகம் தரும் பரிசு இங்கே இருக்கிறது. பெயிண்டே அடிக்க வேண்டாம். சோப்புத் தண்ணீரிலும் பிறகு வினிகரிலும் கழுவி எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கி, மாடல் கடைகளில் விற்கும் கருமையேற்றும் திரவத்தில் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் தட்டில் ஊறவிட்டால், சில நிமிடங்களில் உலோகமே கரும்பழுப்பாகும். கையுறை வேண்டும், காற்றோட்டம் வேண்டும். நிறம் உலோகத்திலேயே ஏறுவதால் கீல் பூட்டிக்கொள்ளாது, மடக்கினால் உரிந்து வெள்ளை தெரியாது. காய்ந்த பிறகு மண் நிறப் பொடி தூவி, தரையும் சக்கரமும் தேய்க்கும் இடங்களில் மட்டும் நைஸ் வாட்டர் பேப்பரால் ஒரு இழுப்பு இழுத்தால் உள்ளிருந்து வெளிவருவது நிஜ உலோக மினுமினுப்பு. பிளாஸ்டிக்கிலும் பிரிண்ட்டிலும் பென்சில் கரியையோ வெள்ளிப் பொடியையோ தேய்த்து இதைப் போலச் செய்யலாம். தூரத்தில் வித்தியாசம் தெரியாது, கையில் எடுத்தால் தெரியும்.

எங்கே மினுங்க வேண்டும், எங்கே மங்க வேண்டும் என்பதற்குப் புத்தகம் தேட வேண்டியதில்லை. கேரளாவுக்குக் கல்லும் எம்-சாண்டும் போகும் நம் பக்கத்துக் குவாரிகளில் செயின் வண்டிகள் நிற்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் செயினில் ஆரஞ்சுத் துரு இருக்காது. தட்டின் விளிம்புகள் வெள்ளியாய் மின்னும், உருளை ஓடும் உள்தடம் கண்ணாடியாய்த் தேய்ந்திருக்கும், மூலைகளில் செம்மண் அப்பிக் காய்ந்திருக்கும். ஒரு வாரம் சாரலில் சும்மா நின்ற வண்டியில்தான் சிவப்புத் துரு பூக்கும். மாடல்களில் ஓடும் டாங்கியின் டிராக்கை ஆரஞ்சாக அடித்து வைப்பவர்கள் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம். ஓட்டுநர் அண்ணனிடம் கேட்டுவிட்டு, வண்டி நின்ற பிறகு கிட்டே போங்கள். செயினின் அமைப்பு டாங்கியினுடையது அல்ல, நிறத்துக்கும் தேய்மானத்துக்கும் மட்டும் பாடம்.

சாரல் காலம்

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மலை இடைவெளி வழியாக வரும் ஈரக்காற்று குற்றாலத்துக்கு நல்லது, நம் வேலை மேசைக்கு அவ்வளவு நல்லதில்லை. ஃபெவிக்விக் காற்றின் ஈரத்தில்தான் இறுகும். அதனால் சாரலில் அது சட்டென்று பிடிக்கும், பிடித்த இடத்தைச் சுற்றி வெள்ளைப் படலமும் பூக்கும். கருமையேற்றிய டிராக்கில் அது நன்றாகவே தெரியும். எனவே ஒட்டும் வேலையை முதலில் முடித்து, கருமையேற்றுவதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். லாக்கர் வகைப் பெயிண்டும் இந்தக் காற்றில் பால்போல் வெளுக்கும். பிளாஸ்டிக், பிரிண்ட் டிராக்குகளுக்குப் பெயிண்ட் கட்டாயம் என்பதால் அவற்றை வெயில் நாட்களுக்குத் தள்ளிவைக்க வேண்டும். கருமையேற்றும் உலோகத்துக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. கழுவிய பின் கீல் இடுக்குகளில் தண்ணீர் நிற்காமல் ஹேர் டிரையரில் உலர்த்தினால் போதும். நின்றால் வெள்ளைப் பொடி பூக்கும். மழைக்காலத்தில் வீட்டுக்குள் உட்கார்ந்து செய்ய உலோக டிராக் தோதான வேலை என்பது என் அனுபவம்.

அப்படியானால் எதை வாங்குவது

1971 போரின் லோங்கேவாலா சண்டையைக் காட்டும் டயோராமாவுக்குப் பாகிஸ்தானின் டி-59 செய்கிறீர்களா? பெரிய சக்கரம், உருளை இல்லாத மேல் ஓட்டம், எஃகு டிராக். உலோகம் வாங்குங்கள், வருத்தப்பட மாட்டீர்கள். அந்தப் போரில் நம் பக்கம் ஓடிய டி-55-க்கும் அதே பதில். டமியாவின் டி-55-இல் வரும் பெல்ட் தானாக இந்தத் தொய்வைத் தராது. டி-34-க்கும் உலோகம்தான். தகடு இல்லாத பான்சர் 4-க்கு உலோகம் அழகு, ஆனால் கண்ணும் பொறுமையும் இருந்தால் மட்டும். டைகருக்கு, கிட்டில் மடங்கும் பிளாஸ்டிக் வந்திருந்தால் நான் அதையே போடுவேன். பெல்ட் வந்திருந்தால் உலோகம். பாந்தரில் பக்கத் தகடு மேல் ஓட்டத்தில் கொஞ்சத்தை மறைப்பதால் தனித்தனி பிளாஸ்டிக் லிங்கே எனக்குப் போதும். ஷெர்மனுக்கும் பேட்டனுக்கும் பிரிண்ட், அங்கே புனலூர்க்காரர் ஜெயித்தார். அஜேயாவுக்கும் செஞ்சுரியனுக்கும் கிட்டில் இருப்பதை ஒட்டிவிட்டு, மிச்சக் காசை அடுத்த கிட்டுக்கு எடுத்து வையுங்கள்.

உலோக செட்டில் தேவைக்கு மேல் கொஞ்சம் லிங்க் வருவது வழக்கம். அவற்றை வீசாதீர்கள். டைகரின் கோபுரப் பக்கங்களிலும், பான்சர் 4-இன் முன்புறத்திலும், டி-34-இன் முன் தகட்டிலும் உபரி லிங்குகளை மாட்டிக்கொண்டு போவார்கள். மேல் கவசம் மாதிரியும் ஆயிற்று. ஓடும் டிராக் பிளாஸ்டிக், உபரி மட்டும் உலோகம் என்றால் இரண்டுக்கும் மேலே ஒரே பெயிண்ட் கொடுத்து நிறத்தை ஒப்பேற்றிவிடுங்கள். மாட்டிவைத்த லிங்கின்மேல் எதுவும் ஓடுவதில்லை, அதனால் அதற்கு மினுமினுப்பு கிடையாது. குவாரியில் சும்மா நின்ற வண்டியில் பார்த்த அந்தச் சிவப்புத் துருவை இங்கே தாராளமாகப் போடலாம்.